கெஞ்சாதீர்கள், ரசீது கேளுங்கள்!

(திருச்சி காந்தி மார்க்கெட் பகுதியில் வியாபாரிகளும் சுமைப்பணித் தொழிலாளர்களும் மஹல்லாவாசிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)

மண்டியிலிருந்து நம் மாற்று மதச் சகோதரர்களும் வந்திருக்கிறீர்கள். விடிய விடிய மூட்டை தூக்கிவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

நான் இன்று மார்க்க பயான் செய்ய வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'ஹஜ்ரத்துக்கு ஸ்டேஷனில் என்ன வேலை?' என்று நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார். இருக்கிறது சகோதரர்களே, வேலை இருக்கிறது. அது முன்பே தெரியாமல் போனதால் ஒரு தாயின் முன் தலைகுனிந்து நின்றவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் மாதம். தராவீஹ் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தேன். நள்ளிரவு தாண்டிக் கதவு தட்டப்படுகிறது. தக்காளி லோடு இறக்கும் ஒரு பையன், பத்தொன்பது வயது, அத்தா இல்லாத பிள்ளை. சீருடை இல்லாத இரண்டு பேர் பைக்கில் வந்து, 'கொஞ்சம் விசாரிக்கணும், வா' என்று நடுவில் உட்கார வைத்து அழைத்துப் போய்விட்டார்கள். அவன் தாய் என் வீட்டு வாசலில் நிற்கிறார். 'ஹஜ்ரத், எம் புள்ளையக் காட்டச் சொல்லுங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

முத்தவல்லி, இரண்டு வியாபாரிகள், நான் என்று நான்கு பேர் போனோம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. பாராவில் நின்ற காவலர், 'ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், வெளியே நில்லுங்க' என்றார். நின்றோம். ஸஹர் நேரம் வந்தது. யாரோ வாங்கி வந்த வாழைப்பழத்தையும் தண்ணீரையும் சாலையோரத்தில் நின்றபடியே சாப்பிட்டு நோன்பு வைத்தோம். அந்த நேரத்தில்தான் ஒரு மனிதர் வந்தார். போலீஸ்காரர் அல்ல, வக்கீலும் அல்ல. எல்லா ஸ்டேஷன் வாசலிலும் இருக்கிற மனிதர்தான் அவர். 'பத்தாயிரம் ரெடி பண்ணுங்க பாய், கேஸ் விழுந்துட்டா பாஸ்போர்ட்டே எடுக்க முடியாது' என்றார். அந்தத் தாய்க்கு மகனை வளைகுடாவுக்கு அனுப்பும் கனவு. பாஸ்போர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கை காதுக்குப் போய்விட்டது, தோட்டைக் கழற்ற. நாங்கள் தடுத்து, எங்களுக்குள் வசூலித்துக் கொடுத்தோம். கொடுத்தோம் என்று இந்த மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

மறுநாள் லுஹருக்குப் பிறகு பையன் வெளியே வந்தான். ஒரு காலை ஊன்ற முடியவில்லை. 'என்னடா கேட்டாங்க?' என்றேன். 'ஒரு செல்போன் திருட்டப் பத்திக் கேட்டாங்க ஹஜ்ரத். அப்புறம் வேற ஆளுன்னு சொல்லிட்டாங்க' என்றான். அவ்வளவுதான். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எந்தப் புத்தகத்திலும் அவன் பெயர் கிடையாது. சட்டத்தின் கணக்கில் அந்த இரவு நடக்கவே இல்லை! அவன் அதற்குப் பிறகு மார்க்கெட் பக்கம் வரவில்லை, திருப்பூருக்குப் போய்விட்டான்.

இனி வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற ஒரு காவல்துறை அதிகாரியும் இரண்டு வழக்கறிஞர்களும் சேர்ந்து, ஒரு காவல் நிலையம் எப்படி இயங்குகிறது என்று நம் பகுதியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு நடத்தினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிப் படித்தேன். மதரஸாவை விட்டு வந்த பிறகு நான் மாணவனாக உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. முதல் வகுப்பிலேயே இந்தச் சம்பவத்தைச் சொன்னேன். அந்த அதிகாரி கேட்டார்: 'சரி ஹஜ்ரத், அன்னைக்கு ராத்திரி உள்ள போய் நீங்க என்ன கேட்டீங்க?'

'பையனை விட்டுடுங்கன்னு கேட்டோம்' என்றேன்.

'எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. எந்தப் புகார்ல கூட்டிட்டு வந்தீங்க, எத்தனை மணிக்கு வந்தான், விசாரிக்கிற அதிகாரி பேர் என்ன, இது கைதா, கைதுன்னா குறிப்பாணை எங்க? இதை ஒருத்தரும் கேக்குறதில்ல. விட்டுடுங்கன்னு கேட்டா அது எங்க தயவு. இதைக் கேட்டா நாங்க எழுதியாகணும். எழுதிட்டா எங்க கை கட்டுப்பட்டுப் போச்சு' என்றார்.

முப்பது ஆண்டு காக்கி உடுத்தியவர் வாயிலிருந்து வந்த சொல் இது. இருபது ஆண்டுகளாக மிம்பரில் நின்று 'உரிமை, உரிமை' என்று முழங்கியவன் நான். அந்த உரிமை எந்தப் பேப்பரில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை!

காகிதம் எங்கே இருக்கிறது?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். என்று சொன்னால் போதும். பெயர் மாறியது, பிரிவுகளின் எண்கள் மாறின. ஆனால் நமக்கு வேண்டிய பாதுகாப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வக்கீல் உங்களிடம் 41-ஏ என்று சொன்னால் இப்போது அது 35(3). முன்பு 160 என்றது இப்போது 179. முதல் தகவல் அறிக்கைக்கான 154 இப்போது 173.

அதென்ன 'விசாரணைக்கு வா'? சாட்சியாக விசாரிப்பதென்றால் 179-இன்படி எழுத்து மூலம் அழைக்க வேண்டும். அதிலும் பெண்களையும், பதினைந்து வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளையும், அறுபது வயதைத் தாண்டிய ஆண்களையும், மாற்றுத் திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அறுபது தாண்டிய எத்தனை பெரியவர்களை நம் தெருவிலிருந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள்! உட்கார வைத்தவருக்கு விதி தெரியும், உட்கார்ந்தவருக்குத் தெரியாது.

சந்தேகத்தின் பேரில் என்றால், ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது அவசியமில்லை என்று கருதும்போது 35(3)-இன்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸை மதித்து ஆஜராகுங்கள், ஒளியாதீர்கள். ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

கைதுதான் என்றால், கைது செய்கிற அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ தெருவில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவற்றில் பெரும்பகுதி எப்படி வந்தது தெரியுமா? மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் பொறுப்பாளராக இருந்த டி.கே. பாசு, காவல் நிலையச் சாவுகளைப் பற்றி 1986-இல் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஊர்வலம் போய், கோஷம் போட்டு, தொண்டை வறண்டு வீடு திரும்புகிற நாம் இதைச் சிந்திக்க வேண்டாமா? ஒரு கடிதம்! அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'அடித்தார்களா?' என்று அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிற காவலரின் முகத்தைப் பார்த்து, 'இல்லைங்க ஐயா' என்று சொல்லிவிட்டு, ஜெயிலுக்குப் போன பிறகு உறவினரிடம் காட்டுகிற காயத்துக்கு மதிப்புக் குறைவு.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மண்டியில் பணப்பை போனது, பைக் போனது, வாடகைத் தகராறு என்று தினமும் யாராவது போகிறோம். 'எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கிறோம்' என்றதும் வந்துவிடுகிறோம். வராதீர்கள்! நம் மாநிலத்தில் மனுவுக்கு சி.எஸ்.ஆர். என்று எண் போட்ட ரசீது தருகிறார்கள். அதை வாங்காமல் படி இறங்காதீர்கள். ஆனால் சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'கேஸ் போட்டாச்சு' என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் நம்மில் பாதிப் பேர். திருட்டு, அடிதடியில் கொடுங்காயம் போன்ற, போலீஸ் நேரடியாகக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். எந்த எல்லையில் நடந்தது என்று சொல்லி உங்களைக் கோட்டைக்கும் பாலக்கரைக்கும் அலையவிட முடியாது. எங்கே கொடுத்தாலும் பதிந்துகொண்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். பதிய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். திருச்சி மாநகரத்துக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம், வெளியே என்றால் எஸ்.பி. அலுவலகம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அங்கே போகும்போது அந்தத் தபால் ரசீதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று சொல்கிறேன். விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்கிற வாக்குமூலத்தில், சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது என்பதும் சட்டம். பிறகு ஏன் அடிக்கிறார்கள் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. 'பொருளை ரெக்கவரி காட்டணும்னு மேல இருந்து நெருக்கடி. அடிச்சாத்தான் வேலை நடக்கும்னு சொல்லிக் குடுத்து வளர்த்துட்டாங்க' என்றார். அவர் நியாயப்படுத்தவில்லை. இருப்பதைச் சொன்னார்.

அந்தத் தாயைத் தோடு கழற்ற வைத்த பாஸ்போர்ட் கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விசாரணைக்கு அழைக்கப்பட்டதற்காக எவருடைய பாஸ்போர்ட்டும் போகாது. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால்தான் சிக்கல். அப்போதும் நீதிமன்ற அனுமதி பெற்றுப் பாஸ்போர்ட் வாங்க வழி உண்டு. பத்தாயிரம் ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியது அறியாமையை!

ஸ்டேஷனின் உள்கட்டமைப்பு பற்றியும் ஒரு வகுப்பு நடந்தது. சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப் பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர், போக்குவரத்து தனி. திருட்டுப் புகாரோடு போய் சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர் அறை முன்னால் மூன்று மணி நேரம் நின்று, 'முஸ்லிம் என்பதால் கவனிக்கவில்லை' என்று திரும்பி வந்த ஒரு வியாபாரி இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார். அவர் கோபிக்க மாட்டார், அவரே சிரித்துக்கொண்டு சொன்னது. எல்லாப் புறக்கணிப்பும் அப்படிப்பட்டதல்ல, நிஜமான பாரபட்சமும் உண்டு. ஆனால் எது பாரபட்சம், எது தவறான கதவு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் நம் முறையீட்டுக்கு மதிப்பு. 'இன்ஸ்பெக்டரை விடப் பெரியவர் ரைட்டர்' என்று அந்த அதிகாரி வேடிக்கையாகச் சொன்னார். நிலைய எழுத்தர் கையில்தான் பதிவேடுகள் இருக்கின்றன. காவலர்களின் நிலையும் ஒன்றும் சொர்க்கம் அல்ல. தமிழகக் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதே 2021-இல்தான் அரசு உத்தரவாக வந்தது. நாற்பது மணி நேரம் தூங்காத மனிதரிடம்தான் பல சமயம் நாம் நியாயம் கேட்டு நிற்கிறோம்.

உளவாளி ஆகிவிட்டோமா?

வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் இரண்டு பக்கமிருந்தும் பேச்சு வந்தது. 'அதெல்லாம் எதுக்கு ஹஜ்ரத், நம்ம ஆளு கட்சியில இருக்காரு, ஒரு போன் போட்டா முடிஞ்சுது' என்றார் ஒருவர். போன் எடுத்தால் முடிந்தது, எடுக்காவிட்டால்? அவர் கட்சி மாறினால்? அவருக்கு வேண்டாதவர் வீட்டுப் பிள்ளை என்றால்? நான் அதிகம் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது பேச்சுதான் கனமானது. 'போலீஸோடு உட்கார்ந்து டீ குடித்தால் நாளைக்கு நம்மை உளவு சொல்லச் சொல்வார்கள்' என்றார் ஒரு பெரியவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1997 நவம்பரில் கோவையில் நம் மக்கள் கொல்லப்பட்டதையும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் அப்பாவிகள் மாண்டதையும், அதன்பின் தாடி வைத்த ஒவ்வொருவனும் சந்தேகத்துக்குரியவன் ஆனதையும் பார்த்த தலைமுறை அது. அந்த வழக்கில் 1998-இல் கைதான அப்துல் நாசர் மதனி, குற்றமற்றவர் என்று 2007 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். இடையில் போனது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்! அந்த அச்சம் கற்பனையில் பிறந்ததல்ல.

ஆனால் திருச்சிக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1997-இல்தான் நம் ஊருக்குக் கமிஷனர் அலுவலகம் வந்தது. 1999-இல் ஜே.கே. திரிபாதி கமிஷனராக வந்தார். நகரத்தை 57 பீட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பீட்டுக்கும் குறிப்பிட்ட காவலர்களைப் பொறுப்பாக்கினார். புகார்ப் பெட்டிகள் வைத்தார். குடிசைப் பகுதிகளைக் காவல்துறை தத்தெடுத்தது. நான் அப்போது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பையன். எங்கள் தெருவுக்கு வந்த பீட் காவலரை அதுவரை எங்களுக்குத் தெரியாது. சில மாதங்களில் அவருக்கு எங்கள் பெயர்கள் தெரிந்தன, எங்களுக்கு அவர் பெயர் தெரிந்தது. தெரு விளக்கு எரியவில்லை என்று அவரிடம் சொன்னோம். கோவைக்குப் பிறகு ஒரு போலீஸ்காரரைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் வீட்டுக்குள் ஓடாமல் இருந்தது அப்போதுதான். இந்தத் திட்டத்துக்குப் பின்னாளில் பிரதமரின் விருதும் கிடைத்தது. 2001-இல் திரிபாதி மாற்றலாகிப் போனார். மெல்ல மெல்ல எங்கள் தெருவில் பீட் காவலர் வருவது குறைந்தது, பிறகு நின்றது. ஒரு நல்ல அதிகாரி கொண்டு வந்த நன்மை அவரோடு பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டது. ஏன்? நாங்கள் நன்மையை அனுபவித்தோம், அதன் வழிமுறையைக் கற்றுக்கொள்ளவில்லை. எந்த உத்தரவின் கீழ் அவர் வந்தார், நின்றபோது யாரிடம் கேட்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதே காலத்தில் இன்னொரு திட்டமும் இருந்தது. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள் குழு', அதாவது 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'. மக்களுக்கும் போலீஸுக்கும் பாலமாக இருக்கட்டும் என்பதே நோக்கம். மாநிலம் முழுவதும் பரவியது. பிறகு என்ன ஆயிற்று? சாத்தான்குளம்! 2020 ஜூன் 19. ஊரடங்கில் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் பிணமானார்கள். அந்த இரவுச் சம்பவத்தில் இந்த நண்பர்கள் குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. 2020 ஜூலையில் தமிழக அரசு அந்தக் குழுவுக்கே தடை போட்டது. அப்போது மாநிலக் காவல்துறையின் தலைவர் யார் தெரியுமா? நம் திருச்சியில் பீட் முறையைக் கொண்டு வந்த அதே திரிபாதி.

வியாபாரிகளே, நீங்கள் இதை மறக்க முடியாது. அதே 2020-இல்தான் நம் காந்தி மார்க்கெட்டும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திறக்க விடுங்கள் என்று நீங்கள் அலைந்தீர்கள். மதுரைக் கிளை வரை வழக்குப் போய்த்தான் கதவு திறந்தது. கடை திறப்பது என்ற ஒரே விஷயம் உங்களுக்கு நீதிமன்ற வழக்காக இருந்தது, சாத்தான்குளத்தில் இரண்டு உயிராகப் போயிற்று. அங்கே ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவைச் சேமிக்க இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைக்கே அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்தில் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றது. அந்தப் பதிவைக் கேட்டு மனுப் போடலாம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அன்று எனக்குத் தெரிந்திருந்தால், பையன் நொண்டிக்கொண்டு வெளியே வந்த அன்று மாலையே மனு எழுதியிருப்பேன்.

2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரும் இப்படித்தான், நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்கு என்று அழைத்துச் செல்லப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. சாத்தான்குளத்தில் இறந்தவர்கள் கிறித்தவர்கள், மடப்புரத்தில் இறந்தவர் இந்து. லத்தி மதம் பார்ப்பதில்லை என்று சொல்ல வரவில்லை, சில இடங்களில் பார்க்கிறது. ஆனால் ஏழையையும் விவரம் தெரியாதவனையும் எல்லா இடத்திலும் அது தேடிப் பிடிக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கு ஜமாஅத் மட்டும் அழைப்பு விடுக்கவில்லை, மண்டி முழுவதற்கும் சொன்னோம்.

ஆக, அந்தப் பெரியவருக்கு என் பதில் இதுதான். போலீஸைப் பற்றிப் படிப்பது வேறு, போலீஸின் கையாளாவது வேறு. லத்தியைக் கையில் கொடுத்து 'நீயும் நண்பன்' என்றால் வேண்டாம் என்போம். பதிவேட்டைக் காட்டி 'இது இப்படி' என்றால் உட்கார்ந்து படிப்போம். வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பகுதியில் 1977-இல் மக்களுக்குப் போலீஸ் நடத்திய இரவுப் பள்ளியைத்தான் இத்தகைய வகுப்புகளின் தொடக்கம் என்பார்கள். 1985-இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோவுக்குப் போய், அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அதே அமெரிக்காவில், நியூயார்க் போலீஸ் நம் பள்ளிவாசல்களிலும் டீக்கடைகளிலும் மாணவர் சங்கங்களிலும் ரகசியமாக ஆள் வைத்து வேவு பார்த்தது 2011-இல் பத்திரிகைகளில் அம்பலமானது. அந்த வேவுப் பிரிவின் வேலையால் ஒரு பயங்கரவாத விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று அதன் உயரதிகாரியே பின்னர் சாட்சியம் சொன்னார். முஸ்லிம்கள் நீதிமன்றம் போனார்கள். 2014-இல் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. அதைச் செய்தது ஆத்திரம் அல்ல, சட்டம் தெரிந்த சமுதாயம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஒரு வார்த்தை. கிதாபுகளில் 'முஹ்தஸிப்' என்று ஓதியிருக்கிறோம். சந்தையில் எடையும் அளவும் கலப்படமும் பார்க்கிற அதிகாரி. நபிகளார் (ஸல்) அவர்களே சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டுபிடித்துக் கண்டித்ததை ஜும்ஆவில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! சந்தையின் ஒழுங்கும் அதிகாரியின் வேலையும் மார்க்க அறிஞனுக்குச் சம்பந்தமில்லாதவை என்று நமக்கு யார் சொன்னது? பக்தாதின் முஹ்தஸிபைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தெரிந்த எனக்கு, காந்தி மார்க்கெட் ஸ்டேஷனில் ரைட்டர் எங்கே உட்காருவார் என்று தெரியாமல் இருந்தது.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று. பி.சி. முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் காவலர் தேர்வும் எஸ்.ஐ. தேர்வும் நடத்துகிறது. விண்ணப்பம் போடுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கிற நம் ஆட்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அடுத்த சுற்று வகுப்பு பெண்களுக்கு. இந்தப் பகுதியில் இரவு முழுவதும் ஆண்கள் மார்க்கெட்டில் இருக்கிறார்கள், வீட்டில் இருப்பது பெண்கள்தான். கதவு தட்டப்படும்போது திறப்பவர்கள் அவர்கள். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன், பெண்ணைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் காவல் அதிகாரியும் வேண்டும் என்பதும், வீட்டில் சோதனை போட்டால் அதை வீடியோ எடுக்க வேண்டும், எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுத வேண்டும் என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். பெண்கள் யாராக இருந்தாலும், காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. இதைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். வகுப்பை நடத்தப் போவது பெண் வழக்கறிஞர் ஒருவர்.

பெயர் கொடுக்க விரும்புபவர்கள் திரைப் பக்கம் இருக்கும் நோட்டில் எழுதலாம். நான் மேடை ஏறும் முன் பார்த்தேன், பதினோரு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அந்தப் பையனின் தாயுடையது. இன்ஷா அல்லாஹ், வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு ஆரம்பம். பேனாவும் நாற்பது பக்க நோட்டும் கொண்டு வாருங்கள், டீ நாங்கள் தருகிறோம். வஸ்ஸலாம்.